துருவ ஆராய்ச்சிக்குள்ள நுழையறது எப்படி: யூனிவர்சிட்டி நெட்வொர்க் வழியா, ஒவ்வொரு படியா

வருஷா வருஷம் செப்டம்பர் கடைசில எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வரும். "அக்கா, சுவல்பார்டுல ஒரு செமஸ்டர் படிக்கணும், அக்டோபர் நடுவுல கடைசி தேதியாம், என்னென்ன பேப்பர் வேணும்?" பேப்பர் லிஸ்ட் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். ஆனா அந்தப் பேப்பர்ல பாதி, ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா தான் கைக்கு வரும், அது தெரியாம நல்லா படிக்கிற பசங்க வருஷம் வருஷமா கோட்டை விடறத பாக்க எனக்கு மனசு கேக்கல. நான் நார்வேல மாஸ்டர்ஸ் படிக்கும்போது ஒரு செமஸ்டர் லாங்இயர்பியென்ல இருந்தேன் (வடதுருவத்துக்குப் பக்கத்துல, நார்வேயோட சுவல்பார்டு தீவுகள்ல இருக்கற முக்கிய ஊர்), அதுக்கப்புறம் அப்ளை பண்றவங்களுக்குக் கூட இருந்து பாத்துக்கிட்டு வரேன். அதுல தெரிஞ்சத வரிசையா எழுதறேன். வரிசைய மாத்தாதீங்க, இதுல விழறவங்க முக்கால்வாசி பேர் மார்க் குறைஞ்சு விழறது இல்ல, மூணாவது படிய முதல்ல ஏறப் போய் விழறாங்க.

1. நீங்க எந்த வாசல்ல நிக்கிறீங்கன்னு முதல்ல பாருங்க

இந்த உலகத்துல மூணு விதமான வாசல் இருக்கு, மூணும் வேற வேற சாவி.

ஒண்ணு யூஆர்க்டிக், அதாவது ஆர்க்டிக் பல்கலைக்கழகம். பேரப் பாத்து இது ஒரு காலேஜ்னு நெனச்சு அட்மிஷன் ஃபார்ம் தேடறவங்க நிறைய. இது காலேஜ் இல்ல, ஏறக்குறைய இருநூறு பல்கலைக்கழகமும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்த ஒரு வலைப்பின்னல், ஆபீஸ் ஃபின்லாந்துல ரோவனியெமில இருக்கு. இதுக்குள்ள நீங்க தனி ஆளா சேர முடியாது. உங்க யூனிவர்சிட்டி உறுப்பினரா இருக்கணும், இருந்தா நார்த் டு நார்த் மாதிரி மாணவர் பரிமாற்றத் திட்டத்துல உதவித்தொகையோட இன்னொரு உறுப்பினர் யூனிவர்சிட்டிக்குப் போய் படிக்கலாம். டிராம்ஸோ, ஔலு, உமியோ, அக்கூரெய்ரி, ஃபேர்பேங்க்ஸ், நூக்னு எல்லாம் இந்த வட்டத்துக்குள்ள தான். அதனால முதல் வேலை, யூஆர்க்டிக் சைட்ல உறுப்பினர் பட்டியல்ல உங்க யூனிவர்சிட்டி பேர் இருக்கான்னு தேடறது. நார்வே, ஃபின்லாந்து, ஸ்வீடன், கனடால படிக்கிற நம்ம பசங்க பலருக்கு தங்க காலேஜ் இதுல இருக்குன்னே தெரியறது இல்ல, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதை தான்.

ரெண்டாவது யூனிஸ், அதாவது சுவல்பார்டு பல்கலைக்கழக மையம். 78 டிகிரி வடக்குல லாங்இயர்பியென்ல 1993ல இருந்து நடக்குது. உயிரியல், நிலவியல், புவி இயற்பியல், தொழில்நுட்பம்னு நாலு துறை, பாடம் எல்லாம் இங்கிலீஷ்ல. ஆனா யூனிஸ் டிகிரி கொடுக்காது. நீங்க ஏற்கனவே எங்கயாவது படிச்சுக்கிட்டு இருக்கணும், இங்க எடுக்கற கிரெடிட் அங்க போய் சேரும்.

மூணாவது ஏபெக்ஸ், துருவ ஆராய்ச்சில புதுசா வர்ற இளம் ஆய்வாளர்களோட சங்கம். இதுக்கு யார் கையெழுத்தும் வேணாம், உறுப்பினர் கட்டணமும் கிடையாது.

இந்தியால இருந்துக்கிட்டே இத படிக்கிறீங்கன்னா உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கோவால இருக்கற என்சிபிஓஆர் (தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையம்) தான் நம்ம நாட்டு துருவ ஆராய்ச்சிக்கு மையம், சுவல்பார்டுல நி-ஒலெசுண்ட்ங்கற ஊர்ல ஹிமாத்ரி, அண்டார்டிகால மைத்ரியும் பாரதியும் அவங்க நடத்தற நிலையங்கள். அங்க மாணவர் தனியா அப்ளை பண்ணி போறது அபூர்வம், ப்ராஜெக்ட் ஒரு விஞ்ஞானி பேர்ல பாஸ் ஆகும், மாணவர் அந்த டீம்ல ஒரு ஆளா போவாங்க. அதனால நீங்க தேட வேண்டியது ஃபார்ம் இல்ல, அப்படி ப்ராஜெக்ட் வச்சிருக்கற பேராசிரியர. அண்டார்டிகா டீம்ல பேர் வந்தா டெல்லி எய்ம்ஸ்ல மெடிக்கல், உத்தராகண்ட் ஔலில ஐடிபிபி (இந்தோ-திபெத் எல்லைப் படை) கிட்ட பனிப் பயிற்சி இருக்கும், அதுக்கு உடம்ப முன்னாடியே தயார் பண்ணிக்கோங்க.

2. பனிய விட்டுட்டு ஒரு கேள்விய பிடிங்க

"எனக்கு சின்ன வயசுல இருந்தே பனிக்கரடின்னா உயிர்" — இந்த வரி இல்லாத கடிதம் நான் ரொம்ப கம்மியா தான் பாத்திருக்கேன். ஆசை நல்லது தான். ஆனா தேர்ந்தெடுக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டியது, உங்களுக்கு அங்க என்ன வேலை இருக்குன்னு.

கேள்வி சின்னதா இருக்கணும். "பருவநிலை மாற்றத்தால ஆர்க்டிக் எப்படி மாறுது" அப்படிங்கறது கேள்வி இல்ல, அது ஒரு நூலகம். "ஒரு ஃபியோர்டுல (மலைகளுக்கு நடுவுல நீளமா உள்ள வர்ற கடல்ல) ஐஸ் எந்த வாரம் பிடிக்குது, பத்து வருஷத்துல அது எவ்வளவு தள்ளிப் போயிருக்கு" அப்படின்னா கேள்வி, ஏன்னா அதுக்கு ஒரு இடம் இருக்கு, ஒரு அளவு இருக்கு, சாட்டிலைட் படத்த வச்சு நீங்களே பதில் தேடலாம்.

நீங்க படிக்கிற பாடத்த விட்டுட்டு புதுசா பனிப்பாறை நிபுணர் ஆக வேணாம். சிவில் படிச்சவங்களுக்கு பெர்மாஃப்ராஸ்ட், அதாவது வருஷக்கணக்கா உறைஞ்சே கிடக்கற நிலத்து மேல கட்டடம் எப்படி நிக்குதுன்னு கேள்வி இருக்கு, மைக்ரோபயாலஜிக்கு பனில வாழற பாசி, கம்ப்யூட்டர் சயன்ஸ்க்கு ரேடார் படத்துல பனிய பிரிக்கறது, சட்டம் படிச்சவங்களுக்கு 1920 சுவல்பார்டு ஒப்பந்தம், சோஷியாலஜிக்கு வடக்குல வாழற மக்கள். உங்க கிட்ட ஏற்கனவே இருக்கற கைத்தொழில துருவத்துக்குக் கொண்டு போங்க, அந்த டீமுக்கு அது தான் தேவை.

3. வீட்டுல உக்காந்து ஒரு மாசம் டேட்டாவோட மல்லுக்கட்டுங்க

இந்தப் படிய தான் எல்லாரும் தாண்டிக் குதிப்பாங்க, நான் தாண்ட விடமாட்டேன். துருவத்துக்குப் போன ஒருத்தர் அங்க இருக்கறது மூணு வாரம், அந்த டேட்டாவோட மேஜைல உக்காந்து இருக்கறது மூணு மாசம். அந்த மூணு மாசம் உங்களுக்குப் பிடிக்குதான்னு டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும் இல்லையா.

அமெரிக்கால இருக்கற தேசிய பனி தரவு மையம், என்எஸ்ஐடிசி, 1979ல இருந்து மாசா மாசம் கடல் பனி எவ்வளவு பரப்புல இருக்குன்னு இலவசமா கொடுக்குது. செப்டம்பர் ஃபைல இறக்கி ஒரு கோடு போடுங்க, அரை மணி நேர வேலை. போட்டதும் 2012 கண்ணுல குத்தும், அந்த செப்டம்பர் நடுவுல பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர் வரைக்கும் இறங்கிச்சு.

இங்க புதுசா வர்றவங்க ரெண்டு இடத்துல சறுக்குவாங்க. அந்த ஃபைல்ல எக்ஸ்டென்ட், ஏரியான்னு ரெண்டு நெடுவரிசை இருக்கும், ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஏதோ ஒண்ண எடுத்துடுவாங்க. எக்ஸ்டென்ட்ன்னா சாட்டிலைட் படத்துல ஒரு சதுரக் கட்டத்துல 15 சதவீதம் பனி இருந்தாலே அந்த முழுக் கட்டத்தையும் கணக்குல சேர்க்கறது, ஏரியான்னா அந்தக் கட்டத்துல உண்மையா பனி மூடின பங்க மட்டும் சேர்க்கறது, அதனால எக்ஸ்டென்ட் எப்பவும் பெருசா தான் இருக்கும். எத போட்டீங்கன்னு படத்துலயே எழுதுங்க. அடுத்தது, டிசம்பர் ஃபைலயோ ஜனவரி ஃபைலயோ போட்டா கோடு ஓரிடத்துல தலைகுப்புற பாதாளத்துக்குப் போகும். 1987 டிசம்பர், 1988 ஜனவரில சாட்டிலைட் டேட்டா விட்டுப்போச்சு, அந்த இடத்துல மைனஸ் 9999னு நிரப்பி வச்சிருப்பாங்க. ஒரு பையன் அத அப்படியே சராசரில சேர்த்து, ஜனவரில ஆர்க்டிக் பனியே இல்லங்கற மாதிரி ஒரு ஸ்லைட் போட்டு எனக்கு அனுப்பினான். அது தப்பான டேட்டா இல்ல, கூட வர்ற விளக்கக் கோப்ப படிக்காத தப்பு. எந்த டேட்டா எடுத்தாலும் முதல்ல ரீட்மீ ஃபைல், அப்புறம் தான் எண்கள்.

செய்யறதுக்கு வேற களமும் இருக்கு. ஜெர்மனியோட பாங்கேயா களஞ்சியத்துல ஆய்வுக் கப்பல்கள் எடுத்த அளவுகள் கிடைக்கும், ஐரோப்பாவோட கோப்பர்நிக்கஸ் திட்டத்துல சென்டினல் சாட்டிலைட் படம் எல்லாம் இலவசம், சுவல்பார்டுக்குன்னே சியோஸ்னு ஒரு கூட்டமைப்பு தரவு தளம் வச்சிருக்கு. ஆனா எல்லாத்தையும் தொடாதீங்க. ஒரே ஒரு டேட்டா, ஒரே ஒரு படம், அதுக்குக் கீழ ரெண்டு பத்தி, அத ஒரு பக்க பிடிஎஃப் ஆக்குங்க. அடுத்த எல்லா படிக்கும் அந்த ஒரு பக்கம் தான் உங்க டிக்கெட்.

4. ஏபெக்ஸ்ல சேர்ந்து வேலைய இழுத்துப் போட்டுக்கோங்க

சைன் அப் பண்றது ஒரு வேலையே இல்ல, பலரும் அதோட நிறுத்திட்டு பயோடேட்டால ஒரு வரி போட்டுக்குவாங்க. அந்த வரிக்கு ஒரு மதிப்பும் கிடையாது, யார் வேணாலும் சேரலாம்னு எல்லாருக்கும் தெரியும்.

சேர்ந்ததும் மூணு விஷயம் பண்ணுங்க. மெயில் லிஸ்ட்ட ஆன் பண்ணுங்க, ஏன்னா சம்மர் ஸ்கூல், பயண உதவி, பிஎச்டி வேலை பத்தின அறிவிப்பு எல்லாம் அங்க வந்து விழும், பல அறிவிப்புக்கு மூணு நாலு வாரம் தான் டைம். உங்க நாட்டுக் கமிட்டி இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் குழுல சின்ன வேலை ஒண்ணு கேளுங்க, வெபினார்ல நோட்ஸ் எடுக்கறது, போஸ்டர மொழிபெயர்க்கறது, எதுவா இருந்தாலும் சரி. சின்ன வேலைய ஒழுங்கா முடிச்சுக் கொடுத்த ஆள் பேர் தான் பெரிய வேலை வரும்போது ஞாபகம் வரும்.

எவ்வளவு தூரம் போகலாம்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2019ல வந்த ஐபிசிசியோட (ஐநாவோட பருவநிலை மாற்றக் குழு) கடல், பனி பத்தின சிறப்பு அறிக்கை இருக்கு இல்ல, அதோட முதல் வரைவ ஏபெக்ஸும் இன்னும் சில இளம் ஆய்வாளர் அமைப்புகளும் குழுவா உக்காந்து ரிவ்யூ பண்ணாங்க. அதே வருஷம், ஆர்க்டிக் பனியோட மிதந்துக்கிட்டே ஆராய்ச்சி பண்ண மொசைக் பயணம் ஆரம்பிச்சப்போ, போலார்ஸ்டெர்ன் கப்பலுக்குத் துணையா போன அகாடெமிக் ஃபெடரோவ்ல 20 மாணவர்களுக்கு கப்பல்லயே ஒரு பள்ளி நடந்தது, அதுலயும் ஏபெக்ஸுக்குப் பங்கு உண்டு. அந்த இருபது பேரும் ஏதோ ஒரு காலேஜ்ல மாணவரா இருந்தவங்க தான்.

பெர்மாஃப்ராஸ்ட் தான் உங்க விஷயம்னா பைர்ன், அதாவது பெர்மாஃப்ராஸ்ட் இளம் ஆய்வாளர் அமைப்புலயும் சேருங்க. பனிப்பாறைன்னா இத்தாலில கார்த்தாஸ், அலாஸ்கால மெக்கார்த்தி, இந்த ரெண்டு சம்மர் ஸ்கூல் பேரையும் குறிச்சு வச்சுக்கோங்க, ரெண்டும் பிஎச்டி ஆரம்பிச்சவங்களுக்கு தான் அதிகம் பொருந்தும், அதனால அவசரம் இல்ல.

5. ஆளுக்கு எழுதுங்க, கூட்டத்துக்கு இல்ல

இப்ப உங்க கிட்ட ஒரு கேள்வி இருக்கு, ஒரு பக்க படம் இருக்கு. இனிமே தான் மெயில்.

எனக்கு ஃபார்வர்டு ஆகி வர்ற மெயில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, நான் துருவ ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் கொண்டவன், தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு தந்தால் கடுமையாக உழைப்பேன்." பேர் கிடையாது, இத அப்படியே நாப்பது பேருக்கு அனுப்பலாம், அனுப்பியும் இருப்பாங்க, படிக்கிறவங்களுக்கு அது முதல் வரிலயே தெரிஞ்சுடும்.

இப்படி எழுதிப் பாருங்க: "உங்க குழு ஃபியோர்டு பனி பத்தி எழுதின கட்டுரை படிச்சேன். அதுல ஐஸ் பிடிக்கற தேதிய நீங்க எடுத்த முறைய சென்டினல் படத்துல நானும் போட்டுப் பாத்தேன், ரெண்டு வருஷத்துக்கு எனக்கு வேற தேதி வருது, படம் இணைச்சிருக்கேன். மேகத்த நான் நீக்கின விதம் காரணமா இருக்குமா? வர்ற வசந்த செமஸ்டர்ல 300 லெவல் (மாஸ்டர்ஸ்) கோர்ஸ் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி இத சரி பண்ணணும்." அஞ்சு வரி தான். கேள்வி இருக்கு, நீங்க செஞ்ச வேலை இருக்கு, பதில் சொல்ல அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் போதும். அவங்கள நீங்க வேலை கேக்கவே இல்ல, ஆனா உங்களுக்கு வேலை தெரியும்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும்.

பெரிய பேராசிரியருக்கே எழுதணும்னு இல்ல. கட்டுரைல முதல் பேரா இருக்கற பிஎச்டி மாணவருக்கு எழுதுங்க, அவங்க தான் பதில் போடுவாங்க. இன்னொண்ணு, ஜூலை மாசம் நார்வேக்கு மெயில் போட்டுட்டு பதில் இல்லன்னு மனசு உடையாதீங்க, அங்க ஜூலைன்னா ஊரே லீவு. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல வேணாம்.

6. கையெழுத்து வாங்கற படி

இது தான் எல்லாரையும் கவுக்கற இடம், என்னையும் முதல் தடவ கவுத்துச்சு.

நார்த் டு நார்த் ஆகட்டும், யூனிஸ் ஆகட்டும், நடுவுல உங்க யூனிவர்சிட்டி இருக்கும். பரிமாற்றத் திட்டம்னா உங்க காலேஜ்ல இருக்கற ஒருங்கிணைப்பாளர் உங்கள நாமினேட் பண்ணணும், அந்த உள் தேதி வெளில போட்டிருக்கற கடைசி தேதிக்கு வாரக்கணக்குல முன்னாடியே முடிஞ்சிருக்கும். யூனிஸ்னா, இந்த கோர்ஸ் என் டிகிரில சேரும்னு உங்க துறை எழுத்துல ஒத்துக்கணும். நான் முதல் வருஷம் கடைசி தேதிக்கு ஒம்பது நாள் முன்னாடி எங்க துறை ஆபீஸ்ல பேப்பர கொடுத்தேன், கையெழுத்து போட வேண்டியவர் கள ஆய்வுக்குப் போயிருந்தார், மாற்று ஆள் யாருன்னு அங்க யாருக்கும் தெரியல, ஒரு செமஸ்டர் போச்சு. அடுத்த தடவ மூணு மாசம் முன்னாடி போனேன், பத்து நிமிஷத்துல முடிஞ்சது.

அதனால எந்தெந்த கோர்ஸ், எத்தன ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்), உங்க டிகிரில எந்தப் பாடத்துக்குப் பதிலா அது வருதுன்னு ஒரே ஒரு அட்டவணையா போட்டு எடுத்துட்டுப் போங்க. ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு நீங்க வேலைய குறைச்சுக் கொடுத்தா கையெழுத்து சீக்கிரம் வரும். முதல் சாய்ஸ் கோர்ஸ் கிடைக்கலன்னா ரெண்டாவதா எத எடுப்பீங்கன்னும் அதுலயே போட்டு ஒப்புதல் வாங்கிடுங்க, இல்லன்னா திரும்ப முதல்ல இருந்து.

7. அப்ளிகேஷன்

யூனிஸ்ல கோர்ஸ் நம்பர பாத்தாலே லெவல் தெரியும், 200ல ஆரம்பிச்சா பேச்சலர், 300 மாஸ்டர்ஸ், 800 பிஎச்டி. பேச்சலர் பசங்க 300 கோர்ஸ்க்குப் போட்டு நிராகரிக்கப்படறது ரொம்ப சகஜம். ஒவ்வொரு கோர்ஸ் பக்கத்துலயும் முன்தகுதி போட்டிருக்கும், உங்க மார்க் ஷீட்ல அந்தப் பாடத்தோட பேர் வேற மாதிரி இருந்தா பாடத்திட்டத்தோட அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்க. "பொறியியல் கணிதம் 3"ன்னு மட்டும் இருந்தா அதுல வகைக்கெழுச் சமன்பாடு படிச்சீங்களான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்.

கடைசி தேதி வழக்கமா வசந்தத்துக்கு அக்டோபர் நடுவுலயும் இலையுதிர் செமஸ்டருக்கு ஏப்ரல் நடுவுலயும் வரும், சில கோர்ஸ்க்கு மாறும், அந்தந்த வருஷப் பக்கத்தப் பாத்துக்கோங்க. எந்த செமஸ்டர்னு யோசிக்கறப்ப வெளிச்சத்தையும் யோசிங்க. அக்டோபர் கடைசில சூரியன் போனா பிப்ரவரி நடுவுல தான் அடிவானத்துக்கு மேல வரும். கடல் பனி, பனிச்சரிவு, ஸ்னோமொபைல் வேலை எல்லாம் வசந்தத்துல. செடி, ஆத்து மணல், பனிப்பாறை முகம் எல்லாம் கோடைலயும் அதுக்குப் பக்கத்துலயும். துருவ ஒளியும் மேல் வளிமண்டலமும்னா இருட்டு தான் உங்களுக்கு வகுப்பு.

8. விசா, இன்சூரன்ஸ், காசு

சுவல்பார்டுக்கு விசா வேணாம். இந்த ஒரு வரிய படிச்சுட்டு மாட்டிக்கிட்டவங்கள எனக்குத் தெரியும்.

சுவல்பார்டு ஷெங்கன் பகுதிக்குள்ள, அதாவது ஒரே விசால போற ஐரோப்பிய நாடுகள் வட்டத்துக்குள்ள இல்ல. ஆனா அங்க போக ஆஸ்லோ இல்லன்னா டிராம்ஸோ வழியா தான் விமானம், அது ஷெங்கன். அதாவது நீங்க ஷெங்கனுக்குள்ள ஒரு தடவ நுழைஞ்சு, சுவல்பார்டுக்குப் போகும்போது வெளியேறி, திரும்பும்போது ரெண்டாவது தடவ நுழையறீங்க. ஒரே ஒரு நுழைவு மட்டும் இருக்கற விசா வாங்கினா திரும்ப வர வழி அடைஞ்சுடும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க குறைஞ்சது ரெண்டு நுழைவு உள்ள விசா கேட்டு வாங்குங்க, ஏன் வேணும்னு கடிதத்துலயும் எழுதுங்க, கைக்கு வந்ததும் ஸ்டிக்கர்ல நுழைவு எண்ணிக்கைய கண்ணால பாத்துட்டு கவுன்டர விட்டு நகருங்க. நார்வேலயே குடியிருப்பு அனுமதி இருக்கறவங்களுக்கு இந்தச் சிக்கல் இல்ல, ஆனா அட்டையும் பாஸ்போர்ட்டும் ரெண்டும் கையில இருக்கணும். நார்வேல நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்கறவங்க, சுவல்பார்டுல இருக்கற காலம் பொதுவா அந்தக் கணக்குல சேராதுங்கறத தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.

இன்சூரன்ஸ்ல தேடல் மீட்பும் மருத்துவ வெளியேற்றமும் இருக்கணும், லாங்இயர்பியென் மருத்துவமனை சின்னது, பெருசா எதுவும்னா விமானத்துல டிராம்ஸோவுக்குத் தான் கொண்டு போவாங்க. செலவு விஷயத்துல, கோர்ஸ்க்குப் போடற பட்ஜெட்ல கள நாள் சாப்பாட்டுக் கட்டணத்த எல்லாரும் மறந்துடுவாங்க, காய்கறி விலையும் நார்வே நிலப்பகுதிய விட ஜாஸ்தி. பயறு, ரசப்பொடி, ஊறுகாய் கொண்டு போங்க, பாதிப் பிரச்சினை தீரும்.

9. முதல் வாரமும், கையில பிடிக்கற முதல் ஐஸும்

முதல் வாரம் முழுக்க பாதுகாப்புப் பயிற்சி. துப்பாக்கி, சிக்னல் பிஸ்டல், பனிச்சரிவுல புதைஞ்சவங்கள தேடற கருவி, உடைஞ்ச பனில விழுந்தா மேல ஏறறது, முதலுதவி. இத ஒரு சம்பிரதாயமா நெனச்சு அலட்சியமா இருக்காதீங்க. 2015 டிசம்பர்ல லாங்இயர்பியென் ஊருக்குள்ளயே பனிச்சரிவு வந்து வீடுகள இழுத்துட்டுப் போய் ரெண்டு உயிர் போச்சு. கரடி விஷயத்துல சட்டமே இருக்கு, 2025ல இருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கணும், மார்ச் முதல் ஜூன் வரைக்கும் 500 மீட்டர். தெரியலன்னா தெரியலன்னு சொல்றவங்கள அங்க மதிப்பாங்க, தெரிஞ்ச மாதிரி தலையாட்டறவங்கள கூட்டிட்டுப் போக பயப்படுவாங்க.

உடம்ப ஒட்டி பருத்தித் துணி கூடாது, வேர்வைல நனைஞ்சா காயாது, நீங்க நின்ன உடனே உடம்பு சூட்ட உறிஞ்சிடும். கம்பளி உள்ளாடை ரெண்டு செட் வாங்குங்க, மேல போடற கனமான சூட்டும் பூட்ஸும் அங்கயே கொடுப்பாங்க. பால்பாயின்ட் பேனா மைனஸ் இருபதுல எழுதாது, பென்சில் மூணு எடுத்துக்கோங்க, ஒண்ணு கயிறு கட்டி கழுத்துல. பேட்டரி உள்பாக்கெட்ல, உடம்போட ஒட்டி.

முதல் தடவ கடல் பனில துளை போட்டு கோர் எடுத்தத விவரமா சொல்றேன், ஏன்னா வரிசை ஏன் முக்கியம்னு எனக்குக் கையில புரிஞ்சது அங்க தான். ஒம்பது சென்டிமீட்டர் தடிமன்ல உருளையா பனி வெளிய வருது, மேல வெள்ளை, கீழ போகப் போக நீலம் கலந்த சாம்பல், அடி முனைல பழுப்பா ஒரு கறை, அது பாசி. எல்லாரும் ஃபோன் எடுத்து படம் பிடிக்க ஆரம்பிச்சுட்டோம். கூட வந்த டெக்னீஷியன் கத்தினாங்க, தண்ணி ஓடுது பாருங்கன்னு. கடல் பனிக்குள்ள உப்புத் தண்ணி சின்னச் சின்னப் பைகள்ல மாட்டிக்கிட்டு இருக்கும், கோர வெளிய எடுத்த நிமிஷத்துல இருந்து அது கீழ வழிய ஆரம்பிச்சுடும், நீங்க தாமதிக்கற ஒவ்வொரு நிமிஷமும் உங்க உப்பு அளவு உண்மைய விட குறைஞ்சுக்கிட்டே வரும். அதனால முதல்ல கோர படுக்க வச்சு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சின்னத் துளை போட்டு உடனே வெப்பநிலை, ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எழுதணும். அடுத்து ரம்பத்தால துண்டு, துண்ட உடனே மூடி போட்ட டப்பால, டப்பா மேல எண். வெப்பநிலைய தள்ளிப் போட்டா காத்தோட குளிர் உள்ள ஏறிடும், மூடி போடறத தள்ளிப் போட்டா உப்பு போயிடும். ஃபோட்டோவுக்குன்னே தனியா இன்னொரு கோர் எடுத்துக்கலாம், எங்க குழு அதுக்கப்புறம் அப்படித் தான் பண்ணிச்சு.

10. அனுமதியும் அங்க இருக்கற மக்களும்

சொந்தமா ப்ராஜெக்ட் போடறவங்களுக்கு மட்டும் இது. சுவல்பார்டுன்னா ஆய்வுப் பதிவுத் தளத்துல பதியணும், ஆளுநர் ஆபீஸ்ல அனுமதி. கனடாவோட வடக்குல நூனாவுட்ல உரிமம் இல்லாம ஆராய்ச்சி பண்ண முடியாது. அதுக்கும் மேல, இன்யூட், சாமி மாதிரி வடக்குப் பழங்குடி மக்கள் வாழற இடத்துல கேள்விய முடிவு பண்ணிட்டு கடைசில போய் அனுமதி கேக்காதீங்க, கேள்வி போடும்போதே அவங்க கிட்ட பேசுங்க. அவங்க ஊருக்கு யாரோ வந்து அளந்துட்டு போறதும் முடிவு அவங்களுக்குத் தெரியாமலே போறதும் பல தலைமுறையா நடந்த விஷயம், அந்த வேதனைக்கு நம்ம பங்கையும் சேர்க்க வேணாம்.

11. திரும்பி வந்த பிறகு பண்ண வேண்டியது

முதல் வாரத்துலயே மார்க் ஷீட்ட துறைல கொடுத்து கிரெடிட்ட ஏத்திடுங்க. அடுத்து டேட்டா, யார் எடுத்தது, எங்க, எந்தக் கருவி, எப்ப அளவீடு சரிபார்த்ததுன்னு ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைங்க, ரெண்டு மாசம் போனா உங்க கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. அப்புறம் ஆர்க்டிக் சயன்ஸ் சம்மிட் வீக் மாதிரி மாநாட்டுக்கு போஸ்டர் ஒண்ணு போடுங்க, இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி வந்தா அத மாநாட்டுத் தேதிக்குப் பல மாசம் முன்னாடியே கேக்கணும். ஐஏஎஸ்சி (சர்வதேச ஆர்க்டிக் அறிவியல் குழு) ஃபெலோஷிப், ஸ்கார் (அண்டார்டிகா ஆராய்ச்சிக்கான அறிவியல் குழு) ஃபெலோஷிப் எல்லாம் பிஎச்டி கட்டத்துல. பல நாடுகள் சேர்ந்து துருவத்த ஆராயற அடுத்த சர்வதேச துருவ ஆண்டு 2032–33ல வருது, இப்ப முதல் வருஷம் படிக்கிற பசங்க அப்ப பிஎச்டி கட்டத்துல இருக்கலாம், அந்தக் கணக்க மனசுல வச்சு திட்டம் போடுங்க.

இன்னும் ஒரு வேலை பாக்கி, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போறது. மார்ச்லயும் செப்டம்பர்லயும் ஏபெக்ஸ் துருவ வாரம் நடத்தும், டிசம்பர் 1 அண்டார்டிகா நாள். எது வசதியோ அதுல ஒரு வகுப்பு. புதுசா போறவங்க நாப்பது ஸ்லைட் கொண்டு போவாங்க, பெங்குவினையும் பனிக்கரடியையும் ஒரே படத்துல போடுவாங்க, ஒண்ணு தெற்கு ஒண்ணு வடக்கு, அத திருத்தவே பத்து நிமிஷம் போகும்.

ஸ்லைட் வேணாம், ரெண்டு கண்ணாடி டம்ளர் போதும். ஒண்ணுல தண்ணி ஊத்தி ஐஸ் கட்டிய மிதக்க விடுங்க. இன்னொண்ணுல கல்ல போட்டு, கல்லோட தலை வெளிய தெரியற அளவுக்குத் தண்ணி ஊத்தி, ஐஸ் கட்டிய கல்லு மேல வைங்க, தண்ணில படக் கூடாது. ரெண்டுலயும் தண்ணி மட்டத்துக்கு மார்க்கர்ல கோடு. எந்த டம்ளர்ல மட்டம் ஏறும்னு குழந்தைங்கள கை தூக்கச் சொல்லி எண்ணிக்கைய போர்டுல எழுதிடுங்க, முன்னாடியே எழுதினா தான் அப்புறம் யாரும் மாத்திச் சொல்ல முடியாது. ஐஸ் உருக நேரம் எடுக்கும், அதனால வகுப்பு ஆரம்பிச்ச உடனே வச்சுட்டு பேச ஆரம்பிங்க. போன வருஷம் ஏழாம் வகுப்புல பெரும்பாலான பிள்ளைங்க மிதக்கற ஐஸுக்குத் தான் கை தூக்கினாங்க. மணி அடிக்கறதுக்குள்ள கல்லு வச்ச டம்ளர்ல மட்டம் கோட்ட தாண்டி நின்னுச்சு, மிதந்த டம்ளர்ல கோட்டுலயே இருந்தது. கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு எழுந்து, "அப்போ கிரீன்லாந்து ஐஸ் எந்த டம்ளர் மிஸ்?"னு கேட்டா. பதில நான் சொல்லல, உலகப் படத்த அவ கையில கொடுத்து நீயே பாத்து சொல்லுன்னேன்.